மாற்று ஆளில்லாத பணி: பெருந்தொற்றும் மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் தாய்மாரும்

பலர் தாங்கிய சுமை

மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு, செவித்திறன் குறைபாடு போன்றவற்றுடன் வளரும் குழந்தையின் முன்னேற்றம் ஒரே மருந்தாலோ ஒரே மருத்துவராலோ நிகழ்வதன்று. விறைத்த தசைகளை நீட்டிவிடும் இயன்முறை மருத்துவர், சட்டை போடவும் கரண்டி பிடிக்கவும் பழக்கும் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மாதந்தோறும் மாத்திரை தரும் அரசு மருத்துவமனை, பகல்நேரப் பாதுகாப்பு மையத்து ஆயா, மாலையில் அரைமணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி எனப் பலரும் சேர்ந்து இழுக்கும் தேர் அது. கொரோனா பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவும், அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது, அவர்கள் அனைவரும் ஒரே நாளில் விலக நேர்ந்து, வடம் முழுவதும் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது.

தாய் என்று குறிப்பிடுவது தந்தையரைக் குறைத்துக் கூறுவதற்காக அன்று. உழைப்பு யார் தலையில் விழுந்தது என்பதே இங்குக் கருதப்படுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். பெருந்தொற்றுக்கு முந்தைய, மாற்றுத்திறனுடைய குழந்தை இருக்கும் இல்லங்களைத் தனியே பிரித்துக் காட்டாத, பொதுவான கணக்கு இது. ஊரடங்கில் ஆண்கள் வீட்டிலேயே இருந்தபோதும், பிள்ளையை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டுவது என்பன தாய்க்கு மட்டுமே பயிற்றுவிக்கப்பட்டிருந்தமையால், கூடுதலாக இரு கைகள் வீட்டில் இருந்தும் பல இல்லங்களில் வேலை பகிரப்படவில்லை. பயிற்சி அறைக்குள் தாயை அமரவைத்துத் தந்தையை வெளியே நிற்கச் செய்யும் நெடுநாள் வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு.

சிகிச்சை நின்றபோது குழந்தையின் உடலில் நேர்வது

சிகிச்சையில் ஏற்படும் இடைவெளி எல்லாக் குழந்தைகளையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. மூளை முடக்குவாதம் என்பது, வளரும் மூளைக்குப் பிறப்பை ஒட்டிய காலத்தில் ஏற்படும் சேதத்தால் அசைவும் உடல் நிலைப்பாடும் பாதிக்கப்படும் நிலையாகும். மூளையின் சேதம் பெருகுவதில்லை என்றாலும், விறைத்த தசை நாள்தோறும் நீட்டிவிடப்படாவிட்டால் குறுகத் தொடங்கி, எலும்பு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், மூட்டை ஒரே கோணத்தில் இறுக்கிவிடுகிறது. மருத்துவர்கள் மூட்டு இறுக்கம் என்று கூறுவது இதனையே. விறைப்பைத் தளர்த்தப் போடப்படும் பொட்டுலினம் ஊசியின் பயன் ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் சிம்பு, வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களிலேயே சிறுத்துப்போகும். ஊசி தவறி, சிம்பும் சிறுத்து, பயிற்சியும் நின்ற பிள்ளை, அதுவரை சுவரைப் பிடித்து நடந்திருந்தால் தவழ்வதற்குத் திரும்புவதும், தவழ்ந்திருந்தால் படுக்கைக்குத் திரும்புவதும் நிகழக்கூடியவையே. அவ்வாறு பின்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு படியும் தாய் தூக்கவேண்டிய எடையைக் கூட்டுகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நேர்ந்த இழப்பு வேறு வகையானது. நாளின் ஒழுங்கு மாறாதிருப்பதில் ஆறுதல் காணும் இயல்புடைய அக்குழந்தைக்கு, பள்ளி வேன் ஏன் வரவில்லை என்பதை விளக்கிக் கூறவும் முடியாமல், காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளையை உள்ளே அழைத்து வரவும் முடியாமல் தாய் போராட நேர்ந்தது. முகக்கவசத்தின் உரசலைப் பொறுக்க இயலாத பிள்ளையைத் தெருவில் நடக்க அழைத்துச் சென்றால் தடுத்து நிறுத்துவார்கள். வீட்டுக்குள் வைத்திருந்தால் அதன் கூச்சலுக்காக மேல்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கோ முகக்கவசம் எதிரே இருப்பவரின் உதட்டசைவையே மறைத்துவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகக் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு, அக்கருவியின் ஒலியளவைத் திரும்பத் திரும்பச் சீரமைக்கவேண்டிய முதல் ஆண்டு மிக முக்கியமானது என்பதால், அந்த ஆண்டு ஊரடங்கில் கழிந்தவர்களின் இழப்பு பெரிது.

வலிப்பு மாத்திரையும் இரத்தமும்

தாய்மாரை உறங்கவிடாத கவலை மருந்தைப் பற்றியதாகவே இருந்தது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கேனும் வலிப்பு நோயும் உடனிருக்கிறது. சோடியம் வால்ப்ரோயேட், பினோபார்பிட்டோன் போன்ற வலிப்பு மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு திரும்புவதோடு, இடைவிடாமல் தொடர்ந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலையும் ஏற்படலாம். விறைப்பைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்தையும், தசைச்சிதைவுக்குத் தரப்படும் ஸ்டீராய்டையும் சட்டென நிறுத்துவதும் இதே அளவு தீங்கானது. ஆயினும் இம்மருந்துகள் சிற்றூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பனவல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ சீட்டைக் காட்டி மாதந்தோறும் வாங்கி வருவதே ஏழைக் குடும்பங்களின் வழக்கம். ஜூன் தொடக்கம்வரை பேருந்துகள் ஓடாமலும், அதன்பின் சில மாதங்கள் விட்டுவிட்டே ஓடியும் வந்த நிலையில், மாத்திரைப் பட்டையில் எஞ்சியவற்றை எண்ணி, நாளுக்கு இரண்டை ஒன்றாகக் குறைத்து நாட்களை நீட்டுவது எவருக்கும் தோன்றக்கூடிய தீர்வு. மருத்துவ நோக்கில் அதனினும் ஆபத்தான தீர்வு வேறில்லை.

தலசீமியா எனும் மரபுவழி இரத்த நோயும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஒன்று என்பது பலரும் அறியாதது. அதன் கடுமையான வகையில், உடல் போதிய ஈமோகுளோபினை உருவாக்காமையால், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியே குழந்தை உயிர் வாழ்கிறது. கல்லூரிகள் மூடப்பட்டு, இரத்ததான முகாம்கள் நின்றுபோனபோது, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் கொடையாளரைத் தேடி அலையவும், அலைச்சலில் தொற்றை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவோமோ என்று அஞ்சவும் வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் வந்த பயிற்சி அறை

மையங்கள் மூடப்பட்ட சில வாரங்களிலேயே, தொலைநிலை மறுவாழ்வுச் சிகிச்சை, அதாவது பயிற்சியாளர் கைப்பேசித் திரையில் இருந்து வழிகாட்ட, வீட்டிலிருப்பவர் அதைச் செய்யும் முறை, பரவலானது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கிவரும் அமர் சேவா சங்கம், தன் களப்பணியாளர்களுக்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றை முன்பே பயன்படுத்திவந்தமையால், இம்மாற்றத்தை விரைந்து செய்ய முடிந்த அமைப்புகளில் ஒன்றாயிற்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இணையவழிச் சேவைக்கு மாறியது. நூறு கிலோமீட்டர் பேருந்தில் வந்து அரைமணிப் பயிற்சி பெற்றுத் திரும்பிய குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே நல்வரவு. பெருந்தொற்று விட்டுச்சென்ற மிகச் சில நன்மைகளுள் ஒன்றாக இதனைக் கூறலாம்.

எனினும், திரையின் இப்பக்கத்தில் நடப்பதைச் சற்று அருகிருந்து காணவேண்டும். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசியை ஒரு கண்ணால் பார்த்தபடி, பாயில் மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தின் அடியோடு பொருத்தி, முழங்கால் மடங்காதபடி மறுகையால் அழுத்திக்கொண்டு, பாதத்தை முழங்காலை நோக்கி மெல்ல வளைத்து, தசை இளகும்வரை முப்பது எண்ணிக்கை பிடித்திருந்து விடவேண்டும். இதையே ஒவ்வொரு காலுக்கும் பலமுறை செய்யவேண்டும். பிள்ளை வலியில் அழும். மையத்தில் அழுத பிள்ளையை எடுத்தணைத்து ஆற்றுபவர் தாய். இங்கோ வலி தருபவரும் அவரே, ஆற்றுபவரும் அவரே. வீட்டிலிருக்கும் ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசி மூத்த பிள்ளையின் இணைய வகுப்புக்கும் தேவைப்பட, அடுப்பில் உலையும் கொதிக்க, ‘வீட்டுப்பயிற்சி சரியாகச் செய்யப்படவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதப்படும் வரி எவ்வளவு நியாயமானது என்பதை மறுவாழ்வுத் துறையினர் சிந்திக்கவேண்டும். தாயைப் பயிற்றுவிப்பது சிறந்த சிகிச்சை முறைதான். ஆனால் அவரையே இயன்முறை மருத்துவராகவும், ஆசிரியராகவும், செவிலியராகவும் ஆக்கிவிட்டு அதற்குச் சேவை விரிவாக்கம் என்று பெயரிடுவது வேலையைக் கைமாற்றியதே அன்றி வேறில்லை.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன என்பதால், இந்த ஏற்பாடு சில வாரங்களுக்கல்லாமல் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீடித்தது.

தாயின் உடல்

பன்னிரண்டு வயதில் முப்பது கிலோ எடையுள்ள, தானே எழ இயலாத பிள்ளையைப் பாயிலிருந்து கழிப்பறைக்கும், அங்கிருந்து குளிக்குமிடத்துக்கும், மீண்டும் பாய்க்கும் தூக்குவது நாளில் ஐந்தாறு முறையேனும் நிகழ்கிறது. குந்தும் வகைக் கழிப்பறையில், ஈரத் தரையில், பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துத் தாங்கியபடி குனிந்து நிற்கும்போது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி வட்டுகள் மீது விழும் அழுத்தம், நேராக நின்று அதே எடையைச் சுமக்கும்போது விழுவதைவிட மிக அதிகம். பள்ளி இருந்தபோது பகல் நேரமாவது ஓய்ந்திருந்த இடுப்புக்கு ஊரடங்கில் அந்த ஓய்வும் இல்லாமற்போக, கீழ்முதுகு வலியும், கழுத்து, தோள்பட்டை வலியும், கட்டைவிரல் நரம்பு இழுப்பும் கூடின. இத்துடன், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. வருமானம் நின்ற வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரவில் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கவும், வலிப்பு வருகிறதா என்று பார்க்கவும் விழிப்பவர்களின் உறக்கம் துண்டுதுண்டாகவே அமைகிறது. நீண்டகால உறக்கக் குறைவு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தும் என்பது அறியப்பட்ட உண்மை. பிள்ளையைத் தனியே விட்டுப் போக முடியாமல் சிறுநீரை அடக்குவதும், அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும், அதனால் சிறுநீர்த் தொற்று ஏற்படுவதும் மருத்துவர் கேட்டாலன்றி வெளிவராத தொல்லைகள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு வந்தது. அதன் பணியாளர் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்க வரும்போதே தாயின் கையிலும் இரத்த அழுத்தக் கருவியைக் கட்டிப் பார்ப்பதற்குத் தனிச் செலவு எதுவும் தேவையில்லை.

மனச்சோர்வும் நீடித்த துயரும்

அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோரிடம் காணப்படும் துயர் ஒருமுறை வந்து மறைவதன்று, பிள்ளையின் வாழ்வில் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகத் தலைதூக்குவது என்று 1962இல் அமெரிக்க அறிஞர் சைமன் ஓல்ஷான்ஸ்கி விளக்கி, அதற்கு நீடித்த துயர் என்று பெயரிட்டார். அதனை நோயாகக் கருதாமல் இயல்பான எதிர்வினையாகக் கருதவேண்டும் என்பதே அவர் வாதம். ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்பித்த ஒரு சொல்லையோ ஓர் அடியையோ பிள்ளை சில மாதங்களில் இழப்பதைக் கண்ட தாய்மாருக்கு, பெருந்தொற்று அத்துயரை நாள்தோறும் புதுப்பித்தது.

துயர் இயல்பானது, மனச்சோர்வு நோய் சிகிச்சைக்குரியது. எதிலும் நாட்டமின்மை, காரணமின்றி அழுகை, பசியும் உறக்கமும் கெடுதல், தான் பயனற்றவள் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரை நாடவேண்டும். இத்தாய்மாரிடம் ஒரு தனி அடையாளமும் உண்டு: ‘எனக்கு ஏதாவது ஆனால் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்’ என்ற கேள்வி, காலப்போக்கில் ‘போனால் இருவரும் சேர்ந்தே போகவேண்டும்’ என்று மாறுவது. இப்பேச்சை உறவினர் அலுப்பு என்று எண்ணிக் கடந்துவிடலாகாது. அது உடனடி உதவி தேவைப்படும் நிலை. 14416 என்ற எண்ணில் இரவுபகலாகக் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

தாய்க்கே தொற்று வந்தபோது

கொரோனாவின் தொடக்க மாதங்களில் தொற்று உறுதியானவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தெரு தகரத்தால் அடைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 27 அன்று நடுவண் சுகாதார அமைச்சகம், அறிகுறி குறைந்தவர்கள் வீட்டிலேயே தனித்திருக்க வழிசெய்யும் நெறிமுறையை வெளியிட்டது. அதில் உள்ள நிபந்தனைகளுள் ஒன்று, நோயாளியைக் கவனிக்க இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு பராமரிப்பாளர் இருக்கவேண்டும் என்பது. நோயாளியே அந்த வீட்டின் ஒரே பராமரிப்பாளராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்நெறிமுறையில் இடமில்லை. தனியறை இல்லாத வீட்டில், தொடாமல் ஊட்ட இயலாத பிள்ளையிடம் ஆறடி இடைவெளி என்பது பொருளற்றது. ஆதலால் காய்ச்சலை மறைத்தவர்களும், பரிசோதனைக்குப் போகாமலே இருந்துவிட்டவர்களும் பொறுப்பற்றவர்கள் என்று கூறுவது எளிதன்று.

தடுப்பூசியிலும் இதே குருட்டுப்புள்ளி தெரிந்தது. 2021 மார்ச் 1 முதல் முன்னுரிமை பெற்ற 45 முதல் 59 வயது வரையிலான இணைநோயாளர் பட்டியலில், அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள் இடம்பெற்றனர். தடுப்பூசிக்கு வயது எட்டாத குழந்தையை வளர்க்கும் முப்பது வயதுத் தாய், மே 1 அன்று 18 வயதைக் கடந்த எல்லாருக்கும் வாய்ப்பு வரும்வரை காத்திருந்தார். இரண்டாம் அலை அதற்குள் பரவிவிட்டது. பிரிட்டன் தன் முன்னுரிமை வரிசையின் ஆறாம் பிரிவில் ஊதியமில்லாப் பராமரிப்பாளர்களைச் சேர்த்திருந்தது என்பதால், இது எவருக்கும் தோன்றாத யோசனை என்றும் கூறமுடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பை உறுதியளிக்கிறது. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களுக்குள், பராமரிப்பாளர்களுக்குக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கோ அனுமதிச் சீட்டோ தரவேண்டும் என்று நடுவண் அரசு மாநிலங்களுக்கு நெறிமுறை அனுப்பியது. வெளியிலிருந்து வரும் உதவியாளருக்கு அது பயன்பட்டது. வீட்டுக்குள்ளேயே இருந்த தாய்க்குத் தேவைப்பட்டது சீட்டன்று, அவரைச் சற்றே விடுவிக்கும் இன்னோர் ஆள். மறுவாழ்வுத் துறையில் இதற்கு இடைக்கால ஓய்வுப் பராமரிப்பு என்று பெயர்.

உதவித்தொகையிலும் இடைவெளிகள் இருந்தன. நடுவண் அரசு 2020இல் இரு தவணைகளில் வழங்கிய 1000 ரூபாய் சிறப்புத் தொகை, தேசியச் சமூக உதவித் திட்டப் பயனாளிகளுக்கு உரியது; அத்திட்டத்தின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ 18 வயது நிறைந்தவர்களுக்கே கிடைக்கும். அறிவுசார் குறைபாடும் கடும் பாதிப்பும் உடைய குழந்தைகளுக்கும் தமிழ்நாடு அரசு வழங்கிவரும் மாத உதவித்தொகை, அப்போது 1500 ரூபாயாக இருந்து 2023இல் 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பல குடும்பங்களுக்கு ஊரடங்கில் எஞ்சிய ஒரே நிலையான வரவு அதுவே. சட்டத்தின் 24ஆம் பிரிவு குறிப்பிடும் பராமரிப்பாளர் படியும், அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டதாகவும் மாற்றுத்திறனாளிக்கு உரியதாகவுமே வகுக்கப்பட்டுள்ளது; பராமரிப்பவர் தம் உழைப்புக்காகக் கோரும் உரிமையாக அன்று.

வீட்டில் இப்போதே செய்துகொள்ளக்கூடியவை

அரசு செய்யவேண்டியதை வீட்டார் செய்துவிட முடியாது. இருப்பினும் தொற்றோ வெள்ளமோ வரும்போது முதல் வாரத்தைக் கடக்க உதவும் ஏற்பாடுகள் சில உண்டு. மருத்துவரிடம் கேட்டு, நாள்பட்ட மருந்துகளை எப்போதும் ஒரு மாத அளவு கூடுதலாக வைத்திருப்பது முதலாவது. வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை, வாயில் கரண்டியோ தண்ணீரோ வைப்பது தீங்கு; ஐந்து நிமிடங்களைக் கடந்தால் 108ஐ அழைக்க வேண்டும். தாய்க்கு இருமலிருந்தால் அவர் முகக்கவசம் அணிந்து, கைகழுவி, சன்னலோரம் அமர்ந்து ஊட்டுவது, முழுமையான தனிமைக்கு ஈடாகாவிட்டாலும், ஆபத்தைக் குறைக்கும். பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையை மார்போடு அணைத்து எழவேண்டும். இருவர் சேர்ந்து போர்வையில் வைத்துத் தூக்குவது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட அவசியமானது, தாயின் நினைவில் மட்டும் இருப்பதை ஏட்டில் ஏற்றுவது. மருந்தின் பெயரும் அளவும் வேளையும், எந்தச் சாய்வில் ஊட்டினால் புரையேறாது, எந்த ஒலி பசியையும் எந்த ஒலி வலியையும் குறிக்கும், எதைக் கண்டால் பயப்படும் என்பவற்றையெல்லாம் எழுதிவைத்து, தந்தையோ சித்தியோ பாட்டியோ மாதத்தில் ஒருநாள் முழுவதும் அந்த ஏட்டைக் கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, தாய் வீட்டில் இல்லாதிருக்கவேண்டும். அன்றுதான் விடுபட்டவை தெரியவரும்: மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்தால் மட்டுமே விழுங்கும் என்பதோ, விளக்கை அணைத்தால் உறங்காது என்பதோ எழுதப்படாமல் இருந்திருக்கும். வலிப்பு மருந்தின் அளவு பிள்ளையின் எடையோடு சேர்ந்து மாறுவதால், ஒவ்வொரு புதிய மருத்துவச் சீட்டுக்குப் பின்னும் ஏட்டின் முதல் பக்கத்தைத் திருத்தி எழுதித் தேதியிட வேண்டும்.